கண் சிமிட்டும் பிள்ளையை அடிக்காதீர்கள்: டிக்ஸுக்கு எப்போது டாக்டரைப் பார்ப்பது?

இந்த வாரமும் ஒரு பையன் வந்தான். இரண்டாம் வகுப்பு. பல மாதமாகக் கண்ணை வெட்டி வெட்டிச் சிமிட்டுகிறான், இப்போது தொண்டையையும் கனைக்கிறான். அம்மா தன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: அலர்ஜிக்கென்று இரண்டு சொட்டு மருந்து, பவரே இல்லாத ஒரு கண்ணாடி, பாதி தீர்ந்த இருமல் சிரப், ஓர் ஆஸ்துமா பம்ப். வீட்டு வைத்தியம் தனி. கனைக்கும்போதெல்லாம் தலையில் ஒரு குட்டு. "குட்டுனா கொஞ்ச நேரம் நிறுத்துறான் டாக்டர். அப்ப வேணும்னுதானே செய்றான்?" என்று அப்பா கேட்டார்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து வந்தாலும் ஃபீனிக்ஸிலிருந்து வந்தாலும் டோங்காட்டிலிருந்து வந்தாலும் இதே கேள்விதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைக்கிறேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. இது டிக்: தானாகத் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம். கண் சிமிட்டல், மூக்கைச் சுருக்குவது, தோளைக் குலுக்குவது, கழுத்தை வெட்டுவது, உறிஞ்சல், கனைப்பு என்று பல வடிவில் வரும். அடக்க முடிகிறது என்பதாலேயே அது வேண்டுமென்று செய்வது ஆகிவிடாது. வரும் தும்மலை நாம் சிறிது நேரம் அடக்குவதில்லையா? அப்படித்தான் இதுவும். முதலில் உள்ளே ஒரு குறுகுறுப்பு ஏறும், செய்து முடித்தால்தான் அது தணியும். பெரிய பிள்ளைகள் இதைத் தெளிவாகவே சொல்வார்கள். சின்னவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

அன்று அப்பா பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தப் பையன் இரு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு கனைப்பு இல்லை. "பாருங்க, இங்க செய்யவே இல்ல," என்றார் அப்பா. எடை பார்க்க நர்ஸ் அவனை வெளியே அழைத்துப் போனார். வராந்தாவில் கால் வைத்ததும் கனைப்பு தொடர்ந்து வந்து எங்கள் காதில் விழுந்தது. அத்தனையையும் அவன் உள்ளே பிடித்து வைத்திருந்தான். பள்ளியில் நாள் முழுக்க இப்படித்தான் அடக்குகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்க்கிறார்கள். டீச்சர் "ஒன்றுமில்லை" என்பதும் அம்மா "தாங்க முடியவில்லை" என்பதும் இரண்டுமே உண்மை. அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அடித்தால் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் டிக் கூடும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பள்ளியில் அடிப்பதை 1996இலேயே தடை செய்தாயிற்று. வீட்டில் அடிக்கும் பெற்றோருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் நீக்கிவிட்டது.

டிக் பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள் தொடங்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். கூடும், குறையும், ஒன்று போய் இன்னொன்று வரும். 10, 12 வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு பெரும்பாலோருக்குத் தணியும். பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே நின்றுவிடும். காவடி சமயம் இரவு கண்விழித்தாலும், பரீட்சை வந்தாலும், பிறந்தநாள் குஷியிலும்கூட அதிகமாகும். உடனே கண் பட்டுவிட்டது என்கிறீர்கள். திருஷ்டி சுற்றுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மிளகாய்ப் புகையில் பிள்ளையின் முகத்தைக் காட்டாதீர்கள்.

அப்படியானால் எப்போது வர வேண்டும்? பலர் வருவது மாமியார் கேட்டுவிட்டார், கல்யாண வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்காக. பார்ப்பவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பது அளவுகோலே அல்ல. பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். கழுத்து வலிக்கிறது என்கிறானா? வாசிக்கும்போது வரி தவறுகிறதா? வகுப்பில் கேலி செய்கிறார்களா, பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாளா? இருப்புக் கொள்ளாமை, கவனமின்மை, திரும்பத் திரும்பக் கை கழுவுவது, எண்ணுவது, ஓயாத பயம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? பல வீடுகளில் டிக்கைவிட இவைதான் பிள்ளையை அதிகம் வாட்டுகின்றன. இதில் ஒன்று இருந்தாலும் வாருங்கள். டிக் ஒரு வருஷம் தாண்டினாலும் வாருங்கள். பல உடல் டிக்குகளோடு குரல் டிக்கும் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு டூரெட் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் கெட்ட வார்த்தை பேசுவானா என்று பயப்படாதீர்கள், பெரும்பாலோர் பேசுவதில்லை.

காத்திருக்கவே கூடாதவை உண்டு. பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்க்கிறான், கூப்பிட்டால் கேட்கவில்லை, கண்ணிமை துடிக்கிறது என்றால் அது வலிப்பாக இருக்கலாம். டிக் வரும்போது பிள்ளைக்குச் சுயநினைவு தப்பாது. கழுத்தை வேகமாக வெட்டும் பிள்ளைக்குக் கை மரத்துப்போனாலோ கையில் பலம் குறைந்தாலோ அன்றே காட்டுங்கள். வாந்தி மருந்து ஏதாவது கொடுத்த பிறகு கண் மேலே செருகிக் கழுத்து கோணிக்கொண்டால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், மருந்தின் அட்டையையும் கொண்டு போங்கள். "நான் செத்துப்போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றை இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் தென்னாப்பிரிக்காவில் இன்னும் ஒழியவில்லை. தொண்டைப் புண் ஆறி வாரங்களோ மாதங்களோ கழித்து, பிள்ளையின் கைகால் ஓரிடத்தில் நிற்காமல் நெளிய ஆரம்பிக்கும். டம்ளர் கைநழுவும், கையெழுத்து கோணலாகும், காரணமில்லாமல் அழுகை வரும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவது டிக். இது அப்படியல்ல, அடுத்து எங்கே அசையும் என்று சொல்ல முடியாது. "சேட்டை, கவனமில்லை" என்று திட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். இதய வால்வு பாதிக்கப்பட்டிருக்கலாம். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், பெனிசிலின் பல வருஷம் தொடர வேண்டும்.

மற்றபடி வெறும் டிக்குக்கு ஸ்கேனும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் வேண்டாம். முதலில் உங்கள் டாக்டரிடமோ பக்கத்து கிளினிக்கிலோ காட்டுங்கள், தேவையென்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லையென்று தயங்காதீர்கள், 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் 1994 முதல் கட்டணமில்லை. பெரும்பாலோருக்கு மாத்திரையே தேவைப்படாது. தொந்தரவு தரும் டிக்குக்குப் பழக்கமாற்றுப் பயிற்சி முதலில். குறுகுறுப்பு வரும்போதே அதற்கு எதிரான அசைவு ஒன்றைச் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள், நல்ல பலன் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால்தான் குளோனிடின் போன்ற மருந்து. அக்கம்பக்கத்தில் யாருக்கோ கொடுத்த மாத்திரையை வாங்கிப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நேரத்துக்குத் தூங்க வையுங்கள். "செய்யாதே, செய்யாதே" என்பதை நிறுத்துங்கள், டிக் பேச்சையே எடுக்காதீர்கள். ஆயாக்களே, தாத்தாக்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், விருந்தாளி முன்னால் பிள்ளையை நிறுத்தி அவன் செய்வதைச் செய்து காட்டாதீர்கள். வகுப்பு டீச்சரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்: பின்வரிசையில் இடம், தேவைப்பட்டால் இரண்டு நிமிஷம் வெளியே போய்வர அனுமதி.

என் அறையில் அடக்கிக்கொள்வான் என்பதால் வரும்போது செல்போனில் ஒரு வீடியோ கொண்டு வாருங்கள். அவன் டிவி பார்க்கும்போது, அதைப் பற்றி எதுவும் சொல்லாமல், முகமும் தோளும் தெரியும்படி ஒரு நிமிஷம் எடுத்தால் போதும். எனக்குக் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.