நிகழ்த்து வரலாறு: ‘லிவிங் ஹிஸ்டரி’க்குத் தமிழில் ஒரு சொல்

ஒரு காலத்து மனிதரின் உடையை உடுத்தி, அவர் கையாண்ட கருவிகளைக் கையாண்டு, அவர் சமைத்ததைச் சமைத்து, பார்க்க வருகிறவர்களோடு பேசியபடியே அந்தக் காலத்தைச் செய்துகாட்டும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘லிவிங் ஹிஸ்டரி’ என்று பெயர். தமிழில் இதைச் சட்டென்று ‘வாழும் வரலாறு’ என்று எழுதிவிடுகிறோம். அங்கேயே சிக்கல் தொடங்குகிறது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் ‘வாழும் வரலாறே!’ என்றால் மூத்த தலைவர் ஒருவரைப் புகழ்கிறார்கள் என்று பொருள். ‘உயிருள்ள வரலாறு’ என்றால் மற்ற வரலாறெல்லாம் செத்ததா என்ற கேள்வி வரும். ‘வரலாற்று நாடகம்’ அதைவிடப் பொருந்தாது. நாடகத்துக்கு மேடையும் எழுதிய வசனமும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது.

நடைமுறை பழையது. ஆர்துர் ஹாசேலியுஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். சுவீடனின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தந்த வட்டார உடையில் ஆட்களையும் அவற்றில் இருக்கவைத்தார். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்கும் பணி 1926இல் தொடங்கியது. சுதந்திர அறிவிப்பின் இருநூறாம் ஆண்டான 1976ஐ ஒட்டி அந்நாட்டில் இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியது.

இந்த முறை எதற்குப் பயன்படும் என்பதை ஒரு சிப்பாயை வைத்துப் பார்ப்பதே நல்லது. ஜோசப் பிளம் மார்ட்டின் 1760இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1776இல், பதினைந்து வயதில், பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கச் சுதந்திரப் போரில் கனெக்டிகட் படையில் சேர்ந்தார். புரூக்ளின், மிஃப்ளின் கோட்டை, மன்மத், யார்க்டவுன் என்று போர் முடியும்வரை களத்தில் இருந்தார். பிறகு மெய்ன் பகுதியில் குடியேறிய ஏழை உழவர். 1820இல் ஓய்வூதியத்துக்காகச் சொத்துக் கணக்குக் கொடுத்தபோது அவர் காட்ட முடிந்தது இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. 1830இல் தன் நினைவுகளைப் பெயர் போடாமல் புத்தகமாக்கினார், அது விற்கவில்லை. 1850இல் இறந்தார். 1962இல் அந்தப் புத்தகம் மறுபடி அச்சானபோதுதான் பரவலான வாசகர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள்.

தளபதிகளின் கடிதங்களில் கிடைக்காதது அவர் எழுத்தில் கிடைக்கிறது: பசி. 1777 டிசம்பரில், வேலி ஃபோர்ஜ் என்னும் குளிர்கால முகாமுக்குப் போகும் வழியில், நாடாளுமன்றம் அறிவித்த நன்றி நாளைப் படை கொண்டாடியது. அன்றைக்கு ஆளுக்குக் கிடைத்தது அரை ‘கில்’ அரிசியும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும். அரை கில் என்றால் அரை ஆழாக்குக்கும் குறைவு, ஒரு கைப்பிடி. நாடே வைத்த விருந்து அது.

இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகலாம். முரட்டு லினன் துணியில் தைத்த தோள்பையைத் திறந்து, அந்த ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்து ஒருவர் நீட்டினால் அப்படிப் போக முடியாது. அரிசியின் அளவு நம் கைக்குத் தெரியும்.

அப்படி நீட்டுகிறவர் இரண்டு விதமாகப் பேசலாம். “நேற்று நன்றி நாளாம், எங்களுக்குக் கொடுத்தது இதுதான்” என்று சிப்பாயாகவே பேசலாம். அல்லது அதே உடையில் நின்றபடி, “மார்ட்டின் இப்படி எழுதியிருக்கிறார்” என்று இன்றைய மனிதராக விளக்கலாம். இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இலக்கணத்திலிருந்துதான் பெயர் எடுத்திருக்கிறார்கள். நமக்கும் தயாராகவே இருக்கிறது: தன்மை நிலை, படர்க்கை நிலை. தன்மையில் பேசுகிறவருக்கு 1777க்குப் பிறகு எதுவும் தெரியக்கூடாது. போரில் யார் ஜெயிப்பார்கள் என்பதுகூட. படர்க்கையில் பேசுகிறவர் ஓய்வூதியக் கதையையும் சொல்லலாம். மார்ட்டின் மாதிரி ஒருவருக்கு இரண்டாவதும் அவசியம் என்பது என் எண்ணம். போர் முடிந்தபின் அவருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். வரலாறு என்பதை ‘வரல் + ஆறு’, வந்த வழி, என்று பிரிப்பார்கள். ‘நிகழ்த்துகலை’ என்ற சொல் கூத்துக்கும் ஆட்டங்களுக்கும் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே அச்சில் ‘நிகழ்த்து வரலாறு’ என்று வைத்தால் கேட்டவுடன் விளங்குகிறது. இதில் இன்னொரு நயமும் உண்டு. இது வினைத்தொகை, நன்னூல் சொல்வதுபோல் ‘காலம் கரந்த பெயரெச்சம்’. நிகழ்த்திய, நிகழ்த்துகின்ற, நிகழ்த்தும் என்று மூன்று காலமும் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. இன்றைக்கு நின்றுகொண்டு 1777இல் பேசுகிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தோன்றவில்லை. செய்கிறவரை ‘நிகழ்த்துநர்’ எனலாம்.

‘ரீஎனாக்ட்மென்ட்’ என்பதை இதோடு குழப்பக்கூடாது. அது குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியை, பெரும்பாலும் ஒரு போரை, திரும்ப நடத்திக் காட்டுவது. சுதந்திரப் போர் தொடங்கிய லெக்சிங்டனில் ஏப்ரல் தோறும் நடப்பது அதுதான். அதற்கு ‘மீள்நிகழ்த்தல்’ சரியாக இருக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை தன் களங்களில் இரு அணிகள் எதிரெதிரே சுட்டுக்கொள்ளும் போலிப் போரை அனுமதிப்பதில்லை. முகாம் வாழ்க்கையையும் துப்பாக்கியில் மருந்து இட்டுச் சுடும் முறையையும் செய்துகாட்டலாம். செத்து விழுவதுபோல் காட்டுவதற்கு இடமில்லை.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ‘மார்ட்டினாக நடிக்கிறார்’ என்று எழுதினால் சினிமா ஞாபகம் வருகிறது. கூத்து பார்க்கப் போகிறவர்கள் “இன்னைக்குத் துரியோதனனா வர்றது யாரு?” என்று கேட்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘முகாமில் மார்ட்டினாக வருகிறவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்.’