இரும்புக் கட்டிலும் அசைவை அளக்கும் பட்டையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இயன்முறை சிகிச்சை செய்கிறேன். வருபவர்களில் பலர் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டுபவர்கள். இப்போது சிலர் உடலசைவை அளக்கும் கருவியைத் தாங்களே வாங்கிக் கட்டிக்கொண்டு, "எண்ணைப் பாருங்கள்" என்று கைப்பேசியை நீட்டுகிறார்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் நான் பட்டையைத்தான் பார்க்கிறேன்.

பட்டையில் மாட்டியிருக்கும், தீப்பெட்டி அளவுள்ள பெட்டிதான் கருவி; அதற்குள் மூன்று உணரிகள் (சென்சார்கள்) இருக்கின்றன. புவியீர்ப்பைக் கொண்டு எது மேல், எது கீழ் என்று சொல்வது முடுக்கமானி. திரும்பும் வேகத்தைச் சொல்வது சுழல்மானி. அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் கோணம் கிடைப்பதால், சிறு பிழையும் கந்துவட்டிபோல் ஏறிக்கொண்டே போகும். திசை தவறாமல் இழுத்துப் பிடிப்பதற்குக் காந்தமானி. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட ஒரு நுண்செயலி. எக்ஸ்சென்ஸ் நிறுவனத்தின் முழு உடல் தொகுதியில் இத்தகைய உணரிப் பெட்டிகள் 17 உண்டு. ஒரு தோளுக்கு எனக்கு மூன்று போதும்: மார்பு, மேற்கை, முன்கை.

வம்பு காந்தமானியில்தான். திசைக்கு அது நம்பியிருப்பது பூமியின் காந்தப்புலத்தை; நம் பகுதியில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்தப் புலம் வளைந்துவிடும். குலை வெட்டும் அண்ணன் ஒருவரை என் கிளினிக்கின் இரும்புக் கட்டிலில் உட்கார வைத்து அளந்தேன். அவர் அசையவே இல்லை. திரையிலோ அவர் உடம்பு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியாமல் நான் ஆடுகிறேனா ஐயா?" என்று கேட்டுவிட்டார். கருவியைத் திட்டிக்கொண்டே இரண்டு முறை அளவுத்திருத்தம் செய்தேன். கட்டிலைச் சந்தேகிக்க அரை மணி நேரமாயிற்று. படித்த படிப்பு அந்த லட்சணம்.

அடுத்தது பட்டை. விலையில் மலிவானது, கெடுதலில் முதலாவது. வியர்வையில் அது நழுவிச் சுழன்றால், கை திரும்பியது என்றுதான் உணரி நம்பும். சதை திரண்ட இடத்தில் கட்டினால் சதை குலுங்குவதும் அசைவாகப் பதிவாகும். மேற்கையில் முழங்கைக்குச் சற்று மேலே, வெளிப்புறமாகக் கட்டுங்கள். உள்பக்கம் சிலிக்கோன் ரப்பர் கோடு ஓடும் மீள்பட்டை நல்லது. கட்டியதும் ஒரு முறை கையை வீசிவிட்டு, பெட்டி இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

புளூடூத் அலையை உடம்பிலுள்ள நீர் விழுங்கும். உணரி முதுகில் இருந்தால் கைப்பேசியை முன்னால் வைக்காதீர்கள். லித்தியம் மின்கலத்தை மத்தியான வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்பிய மின்கலத்தை மறுபடி மின்னேற்றவே கூடாது.

அந்த அண்ணனை இப்போது மர முக்காலியில்தான் உட்கார வைக்கிறேன். உட்காருவதற்கு முன், அதில் ஆணி இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்துக்கொள்கிறார்.