கண்ணாடி மாளிகையில் நம்ம ஊர் சுடுகாட்டு மல்லி

லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பாம் ஹவுஸ் (Palm House) என்ற கண்ணாடி மாளிகைக்குள் காலை வைத்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், பிரம்மாண்டமான பனை வகைகளுக்கு நடுவே நம்ம நித்தியகல்யாணி! ஊரில் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள் விடமாட்டார்களே, அதேதான்.

கட்டடக் கலைஞர் டெசிமஸ் பர்ட்டனும் டப்ளின் இரும்புத் தொழிலதிபர் ரிச்சர்ட் டர்னரும் சேர்ந்து 1844இல் தொடங்கி 1848இல் முடித்த கட்டடம் அது. கப்பல் கட்டுகிறவர்களின் உத்தியைக் கடன் வாங்கித் தேனிரும்பில் வளைவுகள் செய்திருக்கிறார்கள், அதனால்தான் உள்ளே நின்றால் கவிழ்த்துப்போட்ட கப்பலுக்குள் நிற்பது போல இருக்கிறது. கொதிகலன்களைத் தரைக்கடியில் வைத்து, புகையைச் சுரங்கம் வழியாகத் தூரத்தில் இருந்த ஒரு கோபுரத்துக்குக் கொண்டுபோனார்களாம், கண்ணாடி அழகு கெடக் கூடாதே! 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சைக்காட் வகைச் செடி (பனை போலத் தெரியும், ஆனால் பனை இல்லை), கட்டடத்தைவிட மூத்தது, இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது நித்தியகல்யாணி முன்னால்தான். எனக்குப் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநர் வேலை, தினமும் கையாளும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்தச் செடியிலிருந்து வருவது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியாகப் பயிரிட்டு ஏற்றுமதியே செய்கிறார்கள். இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்போ நாலு இலையை அரைச்சுக் குடிச்சா சுகருக்கும் நல்லதுதானே?"

சரி, அந்தக் கதையைக் கேளுங்கள். 1950களில் கனடாவில் ஆராய்ச்சியாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இதே சர்க்கரை நம்பிக்கையைத்தான் எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. வெள்ளையணுக்கள் சரிந்தன, எலிகள் தொற்று வந்து செத்தன. அந்த விபரீதம்தான், வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தானது.

வின்கிறிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. நரம்பூசி விலகிக் கசிந்தால் சதை புண்ணாகிவிடும், தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால் உயிரே போய்விடும். அளந்து கொடுக்கும்போதே இவ்வளவு பயம். செடியில் அதோடு சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் (வீரியமுள்ள தாவர வேதிப்பொருள்கள்) இருக்கின்றன, எந்த இலையில் எது எவ்வளவு என்று அம்மிக்குத் தெரியுமா?

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கீமோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். நாங்கள் திட்டமாட்டோம். கொஞ்சம் முறைப்போம், அவ்வளவுதான்.