கழிப்பறைக்குப் பெரிய ஜன்னல் வேண்டாம்

மேற்குக் கென்யாவின் கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்தபோது, புதிதாகக் கட்டிய கழிப்பறை வரிசை ஒன்றைச் சரிபார்க்கப் போனேன். பளிச்சென்ற பெயிண்ட். ஒவ்வொரு அறையிலும் அகலமான ஜன்னல், பிள்ளைகள் இருட்டுக்குப் பயப்படக் கூடாதாம். உள்ளே நின்றால் முகமெல்லாம் ஈ மொய்த்தது.

காற்றுக்குழாய் வைத்த இந்த வகைக் குழிக் கழிப்பறை 1970களில் ஜிம்பாப்வேயின் ப்ளேர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த பீட்டர் மார்கனின் கைவண்ணம். தண்ணீரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். குழியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய் போகும், அதன் உச்சியில் வலை இருக்கும். குழாயின் வாயை உரசிப் போகும் காற்று, குழியின் நாற்றத்தை மேலே இழுத்துக்கொள்ளும். குழிக்குள் பிறக்கும் ஈ வெளிச்சத்தைத் தேடும். அறை அரையிருட்டாக இருந்தால் குழாயின் உச்சிதான் அதன் கண்ணுக்குப் படும். அங்கே போய் வலையில் முட்டிச் செத்துவிடும். ஜன்னல் வைத்தால், ஈ நேராகப் பிள்ளைகளிடம் வரும். சுத்தமாக இருக்கட்டும் என்று உட்காரும் இடத்து ஓட்டையை மூடி போட்டு அடைப்பவர்களும் உண்டு. அப்புறம் காற்று எங்கே ஓடும்?

ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, கூரைக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி மட்டும் விட்டோம்.

அதற்காகப் பிள்ளைகளின் பயத்தைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். 2014 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், பள்ளிக் குழிக் கழிப்பறையின் இருக்கை உடைந்து ஐந்து வயதுச் சிறுவன் உள்ளே விழுந்து இறந்தான். பள்ளிகளில் வெறும் குழிக் கழிப்பறை கூடாது என்று அரசு விதி வெளியிட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சின்ன ஓட்டை, உறுதியான கான்கிரீட் பலகை. இந்த இரண்டில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கென்யாவில் 25 மாணவிகளுக்கு ஒன்று, 30 மாணவர்களுக்கு ஒன்று என்பது கணக்கு. சரி, எண்ணிக்கை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதே மேற்குக் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வில், புதுக் கழிப்பறை கிடைத்த பள்ளிகளின் மாணவிகளுடைய கைகளில் மலக்கிருமி அதிகமாக இருந்தது தெரியவந்தது. கழிப்பறைக்குப் போவது கூடி, துடைக்கக் காகிதமும் கழுவ சோப்பும் இல்லாவிட்டால் வேறென்ன நடக்கும்?

சோப்புக்கட்டி வைத்தால் சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். நாங்கள் சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டோம். பக்கத்தில் அடியில் துளையிட்ட தண்ணீர் டின். வீட்டுக்குத் தூக்கிப்போக அதில் ஒன்றுமில்லை. செலவும் சொற்பம், ஆனால் அந்தச் சொற்பம் எந்த நன்கொடையாளரின் பட்டியலிலும் இருக்காது. கட்டடத்துக்குப் பணம் வரும், தூளுக்கு வராது. அதனால் இப்போதெல்லாம் அஸ்திவாரம் தோண்டும் முன்பே பெற்றோர் கூட்டத்தில் கேட்டுவிடுகிறேன்: தூள் யார் வாங்குவது, டின்னை யார் நிரப்புவது, குழி நிறைந்தால் அடுத்த குழிக்கு இடம் எங்கே?

ஒருமுறை அந்த மூன்றாவது கேள்விக்கு அரை நாள் போனது.