புல்வெளியில் ஓடும்போது மட்டும் வீடியோ ஏன் கலங்குகிறது?

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) விளையாட்டில், எராங்கல் வரைபடத்தின் புல்வெளியில் ஒருவர் ஓடுகிறார். விளையாடியவரின் திரையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. பதிவு செய்த கோப்பைத் திறந்து பார்த்தாலும் தெளிவாகவே இருக்கிறது. அதையே யூடியூபில் ஏற்றிப் பார்த்தால் புல்வெளி மொத்தமும் பச்சைத் திட்டாக மாறிவிடுகிறது. ஓட்டம் நின்றதும் படம் மெல்லத் தெளிகிறது. மறுபடி ஓடினால் மறுபடி கலங்கல். விளையாட்டு வீடியோ போடுகிற பலர் இதைப் பார்த்துவிட்டுப் புது போனோ விலை கூடிய கிராஃபிக்ஸ் கார்டோ வாங்கக் கிளம்புகிறார்கள். பெரும்பாலும் அந்தச் செலவு வீண். குறை கருவியில் இல்லை. வீடியோவைச் சுருக்கும் முறையில் இருக்கிறது. அந்த முறை புரிந்தால், காசு செலவழிக்காமலே படத்தை நன்றாகத் தெளிய வைக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1080பி படத்தில் கிடைவாக 1920, செங்குத்தாக 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட் (கணினித் தகவலின் மிகச் சிறிய அலகு) வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனிப் படங்கள் என்றால், சுருக்காத வீடியோவுக்கு நொடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட் தேவை. இந்த வேகத்தில் சாதாரண வீட்டு இணைய இணைப்பு எதுவும் ஓடாது. 1080பி, 60 ஃப்ரேம் வீடியோவை நொடிக்கு 12 மெகாபிட் அளவில் ஏற்றும்படி யூடியூப் பரிந்துரைக்கிறது. அதாவது 250-இல் ஒரு பங்கு. 24 பிட் கேட்கும் புள்ளிக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பிட்தான் கிடைக்கிறது. யூடியூப் அதை மறுபடி சுருக்கிப் பார்வையாளருக்கு அனுப்பும்போது அந்தப் பங்கு இன்னும் குறைகிறது.

இவ்வளவு சுருக்கியும் படம் படமாக நிற்பதற்கு முதல் காரணம், அடுத்தடுத்த ஃப்ரேம்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதுதான். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்லாப் பெயர்களையும் திரும்ப அச்சடிக்காமல், சேர்த்தவர்களையும் நீக்கியவர்களையும் மட்டும் துணைப் பட்டியலாகப் போடுவார்கள் அல்லவா? என்கோடர் எனப்படும் சுருக்கும் நிரலும் அதைத்தான் செய்கிறது. எப்போதாவது ஒரு முழு ஃப்ரேம். அதற்குப் பிறகு வருபவை எல்லாம் மாற்றங்களின் பட்டியல். படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, "இந்தக் கட்டம் முந்தைய ஃப்ரேமில் எங்கே இருந்தது?" என்று தேடுகிறது. கிடைத்துவிட்டால் "எட்டுப் புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது" என்கிற மாதிரி ஒரு சிறு குறிப்பு போதும். கட்டத்துக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

நகர்த்தியும் சரியாகப் பொருந்தாத மிச்சம் கொஞ்சம் இருக்கும். அதைச் சுருக்கும் கணிதத்தை 1974-இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். அந்தக் கணிதத்தின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். ஜேபெக் படம் முதல் இன்றைய வீடியோ வரை எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணிதமோ இதன் வழிவந்த வடிவமோ இருக்கிறது. ஒரு கட்டத்தில் உள்ள புள்ளிகளை, மெதுவாக மாறும் வெளிச்சம், வேகமாக மாறும் நுண்விவரம் என்று அது அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுக்கிறது. நம் கண் முதல் வகையை உடனே கவனிக்கும். இரண்டாவதில் கொஞ்சம் போனால் கண்டுகொள்ளாது. அதனால் பிட் பற்றாக்குறை வந்ததும் என்கோடர் முதலில் கைவைப்பது நுண்விவரத்தில்தான். புல், சரளைக்கல், இலை, துணியின் நெசவு எல்லாம் அந்த நுண்விவரத்தில் அடங்கியவை.

இப்போது புல்வெளிக்கு வருவோம். ஓடும்போது ஒவ்வொரு புல்லும் தன் போக்கில் ஆடுகிறது. அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் நகர்கின்றன. ஒரு கட்டத்தை அப்படியே நகர்த்தி ஒட்ட வழியில்லை. மாற்றங்களின் பட்டியல் முழுப் படத்தின் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஒதுக்கிய பிட்டோ கூடுவதில்லை. உடனே நுண்விவரம் வெட்டுப்படுகிறது. நின்றதும் மாற்றம் குறைகிறது, மிஞ்சிய பிட்டை வைத்து என்கோடர் விவரங்களை மெல்ல நிரப்புகிறது. படம் தெளிவது இப்படித்தான். மழை, பனித்தூறல், வெடிப்பில் சிதறும் தூசு, எதிரியைத் தேடிச் சட்டென்று திரும்பும் பார்வை எல்லாவற்றிலும் இதே கதை.

கேமராவில் எடுத்த காட்சியைவிட விளையாட்டுக் காட்சியைச் சுருக்குவது கடினம். பலரும் கவனிக்காத இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு கணநேரம் திறந்திருக்கிறது. அதற்குள் வேகமாக நகரும் பொருள் கொஞ்சம் இழுபட்டு மங்கலாகப் பதிவாகும். நுண்விவரம் அங்கேயே குறைந்துவிடுவதால் என்கோடருக்குப் பாரம் குறைவு. விளையாட்டில் ஷட்டர் கிடையாது. எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் ஒவ்வொரு ஃப்ரேமும் உறைந்த படம்போலக் கூர்மையாக வரையப்படுகிறது. அதிவேகமும் அதிக விவரமும் ஒன்றாக வருகின்றன. என்கோடருக்கு இதைவிடக் கடினமான சேர்க்கை இல்லை.

ஆகவே முதல் சீர்திருத்தத்தை விளையாட்டின் அமைப்புகளிலேயே செய்யலாம். ஃபிலிம் கிரெய்ன் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும் புள்ளிச் சிதறல். முந்தைய ஃப்ரேமில் தேடினால் எங்குமே கிடைக்காது. படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங் அளவைக் குறையுங்கள். விளிம்புகளை மென்மையாக்கும் ஆன்டி-அலையாசிங் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் கம்பிகளும் கூரை விளிம்புகளும் மினுமினுத்து வீணாகப் பிட்டைத் தின்னும். போட்டியாக ஆடுபவர்கள், வேகமான அசைவை மங்கலாக்கும் மோஷன் பிளரை அணைத்து வைப்பார்கள், அது அவர்களுக்கு நியாயம். கதை சொல்லும் விளையாட்டைப் பதிவு செய்பவர்கள் கொஞ்சம் வைத்துக்கொண்டால் கேமராவின் ஷட்டர் செய்யும் உதவி இங்கேயும் கிடைக்கும். இருண்ட காட்சிகளுக்கு இன்னொரு குறிப்பு: கருமையில் உள்ள விவரத்துக்கு என்கோடர்கள் கஞ்சத்தனமாகவே பிட் ஒதுக்கும். பேய் விளையாட்டுகளின் இருட்டு நடைபாதைகள் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். பதிவுக்கு முன் விளையாட்டின் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றினால் வித்தியாசம் தெரியும்.

அடுத்து யூடியூப். நீங்கள் எதை ஏற்றினாலும் அது அப்படியே பார்வையாளருக்குப் போகாது. எல்லா வீடியோவையும் பிரித்து, பல அளவுகளில் மறுபடி சுருக்குகிறார்கள். எந்த முறையில் சுருக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹெச்.264 என்ற கோடெக், அதாவது சுருக்கும் முறை, 2003-இல் வந்தது. எந்தக் கருவியிலும் ஓடும், சுருக்கவும் அதிகக் கணக்கு வேண்டாம். 2013-இல் வந்த விபி9, 2018-இல் வந்த ஏவி1 இரண்டும் அதே பிட்டில் கூடுதல் தெளிவைத் தருகின்றன, ஆனால் சுருக்குவதற்கான கணக்கு பல மடங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கத் தனிச் சில்லே உருவாக்கியதாகக் கூகுள் 2021-இல் அறிவித்தது. எனவே அதிகம் பேர் பார்க்காத சானலின் 1080பி வீடியோவுக்குப் பெரும்பாலும் ஹெச்.264 மட்டுமே கிடைக்கிறது. 1080பி-யைவிடப் பெரிய 1440பி, 4கே பதிப்புகளையோ யூடியூப் பொதுவாக விபி9 அல்லது ஏவி1 முறையில்தான் தருகிறது.

இதிலிருந்துதான் அந்தப் பிரபலமான வழி பிறந்தது. 1080பி-யில் விளையாடியதை எடிட்டிங்கில் 1440பி அல்லது 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றுவது. ஏமாற்று வேலைபோலத் தோன்றலாம், அப்படி இல்லை. பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் பிறக்காது என்பது உண்மைதான். ஆனால் வீடியோவுக்கு நல்ல கோடெக்கும் கூடுதல் பிட்ரேட்டும் (நொடிக்கான பிட் அளவு) கிடைக்கின்றன; இருந்த விவரம் அழியாமல் தப்பிக்கிறது. 1080பி திரை வைத்திருப்பவர் 1440பி-யைத் தேர்ந்தெடுத்தாலும் தெளிவு கூடும்.

நிறத்திலும் ஓர் ஆதாயம் உண்டு. வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகப் பார்க்கும் நம் கண்ணுக்கு நிற வேறுபாடு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதனால் வீடியோவில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலைத்தான் வைப்பார்கள். 1080பி வீடியோவின் நிறம் உண்மையில் 960-க்கு 540 அளவுதான். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் வரும் உயிர்ப் புள்ளிகள், எதிரியின் பெயர் போன்றவை பிசிறடிப்பது இதனால்தான். 4கே-வாக ஏற்றினால் நிறம் மட்டும் தனியாக 1920-க்கு 1080 கிடைத்துவிடும். 1080பி-யிலிருந்து 4கே சரியாக இரண்டு மடங்கு என்பதால் பெரிதாக்கும்போது விளிம்புகளும் சீராக வரும். பிக்சல் ஓவிய விளையாட்டுகளை மட்டும், புள்ளிகளைக் கலக்காமல் அப்படியே பெருக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையில் பெரிதாக்குங்கள். மற்ற முறைகள் கட்டங்களின் ஓரத்தைக் குழப்பிவிடும்.

பதிவு செய்யும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. பதிவில் ஒருமுறை, எடிட்டிங் எக்ஸ்போர்ட்டில் ஒருமுறை, யூடியூபில் ஒருமுறை. கடைசியானது நம் கையில் இல்லை, முதல் இரண்டிலும் தாராளமாக இருக்கலாம். கணினியில் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோ நிரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நேரலைக்கான நிலையான பிட்ரேட்டைப் பதிவுக்கு வைக்காதீர்கள். சிக்யூபி அல்லது சிஆர்எஃப் என்ற தர அளவைத் தேர்ந்தெடுத்து 16 முதல் 20-க்குள் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். புல்வெளி வந்தால் அதுவே தேவையான பிட்டை எடுத்துக்கொள்ளும், மெனு திரையில் மிச்சம் பிடிக்கும். கோப்பு பெரிதாகும், ஆகட்டும். எம்கேவி வடிவில் பதிவு செய்தால் நடுவில் கணினி நின்றாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். பிறகு தரம் இழக்காமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட்டில் 60 ஃப்ரேம் வீடியோவுக்கு யூடியூப் சொல்லும் அளவு 1440பி-க்கு 24 மெகாபிட், 4கே-க்கு 53 முதல் 68 வரை. அதற்குக் கீழே போக வேண்டாம்.

போனில் ஆடிப் பதிவு செய்பவர்கள் திரைப்பதிவு அமைப்பில் பிட்ரேட்டை உச்சத்துக்கு ஏற்றுங்கள். போன் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃப்ரேம்கள் தவறும். உறையைக் கழற்றி, சார்ஜ் போடாமல் ஆடுவது உதவும். போனின் பதிவில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்குவதால் எடிட்டிங்கில் ஒலி தள்ளிப்போகலாம். ஹேண்ட்பிரேக் போன்ற நிரலில் நிலையான வேகத்துக்கு உயர்தரத்தில் மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அப்புறம், பதிவைக் கணினிக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போடவே கூடாது. அது மிகக் கடுமையாகச் சுருக்கிவிடும், அதற்குப் பிறகு எதைச் செய்தும் பயனில்லை. யூஎஸ்பி கேபிள் இருக்கிறது; இல்லாவிட்டால் டாக்குமென்டாக அனுப்பலாம்.

வீடியோவை ஏற்றியவுடன் பார்த்துவிட்டு மனம் உடைய வேண்டாம். யூடியூப் முதலில் சிறிய பதிப்பைத்தான் தயார் செய்யும், 4கே வருவதற்கு நேரமாகும். அதுவரை, இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய அன்லிஸ்டட் நிலையில் வைத்திருந்து, எல்லாப் பதிப்புகளும் வந்த பிறகு வெளியிடுங்கள். கணினியில் வீடியோமேல் வலது கிளிக் செய்தால் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்று ஒரு பட்டியல் வரும். கோடெக் என்ற வரி ஏவிசி1 என்று தொடங்கினால் பழைய ஹெச்.264, விபி09 அல்லது ஏவி01 என்றால் நல்லது. புது அமைப்பு எதையும் முழு வீடியோவில் சோதிக்கத் தேவையில்லை. ஒரு நிமிடத் துண்டு போதும். அதில் மெனுவோ வசனக் காட்சியோ வேண்டாம். புல்லும் மழையும் வேகமான திரும்பலும் ஒன்றாக வரும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.