சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்

கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் நாலு பேராவது ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "பழைய வண்டியத் தள்ளிட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்.யு.வி. எடுத்துடலாமாங்ணா?"

இந்த முறை வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, கூடவே கணவர். 2012 மாடல் டிசையர் டீசல், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. லோயர் ஆர்ம், நாலு ஷாக் அப்சார்பர், கிளட்ச் செட், ஏசி கம்ப்ரஸர், ரெண்டு டயர் எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்ததும் சார் போனை எடுத்து நீட்டினார். வெள்ளை நிற ஏழு சீட்டர் டீசல், 2015 மாடல், சென்னைப் பதிவெண், 82,000 கி.மீ., விலை ஆறரை லட்சம். "கிழட்டு வண்டிக்கு அறுபதாயிரம் கொட்டறதுக்கு அதையும் இதுல போட்டுடலாமில்லீங்க?"

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ரிப்பேர் பில் ஒரே நாளில் கையைக் கடிக்கிறது, அதனால் பெரிதாகத் தெரிகிறது. இ.எம்.ஐ. மாதாமாதம் போவதால் உறைப்பதில்லை. எஸ்டிமேட் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன். டிசையருக்கு இரண்டேகால் லட்சம் கிடைத்தால் மீதி 4.25 லட்சம் கடன். பழைய வண்டிக்கான கடனில் வட்டி கூடுதல்; 14 சதவீதம் என்று வைத்தால் நாலு வருடத்துக்கு மாதம் 11,600 ரூபாய். வட்டி மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டும். இவர்கள் மாதம் ஓட்டுவது 800 கி.மீ. டிசையர் லிட்டருக்கு 19 கொடுக்கிறது, அந்த ஏழு சீட்டர் ஊருக்குள் 12 கொடுத்தால் அதிகம். டீசல் 93 ரூபாய் என்றால் வித்தியாசம் மாதம் 2,300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, வருடத்துக்கு 27,000-க்கு மேல். டிசையர் டயர் ரெண்டு வாங்குகிற காசுக்குப் பெரிய வண்டிக்கு ஒன்றுதான் வரும். இவ்வளவும் அந்த வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு.

"சரி, எஸ்.யு.வி. எதுக்குங்க?" என்று கேட்டேன். ரெண்டு காரணம் சொன்னார்கள். தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது. டீச்சருக்கு மூட்டுவலி, தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழுவது கஷ்டம்.

அடி தட்டுவதற்கு வண்டியின் உயரத்தைக் குறை சொல்ல முடியாது. பின் ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருந்தது, பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வண்டி படுத்துவிடுகிறது. மூட்டுவலி நியாயமான காரணம்தான். ஆனால் லேடர் சேஸிஸ், அதாவது லாரி மாதிரி தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய பெரிய வண்டிகளில் ஏறுவது திண்ணையில் ஏறுவது மாதிரி. புடவை கட்டியவர்கள் ஒரு கையில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கைப்பிடியைத் தேடுவதைத் தினம் பார்க்கிறேன். மூட்டுக்கு உகந்தது சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிற வண்டி. அப்படியே பின்னால் நகர்ந்து உட்காரலாம். வாங்கும் முன் சம்பந்தப்பட்டவரை ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் ஷோரூம்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சாருக்கு மனசு ஆறவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைப் பார்க்க வருவதாக விற்பவரிடம் சொல்லி, "ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நாங்க வந்து பண்றோம்" என்றும் சொல்லியிருந்தோம். போய் பானெட்டில் கை வைத்தால் சூடு. ஆறின எஞ்சின் முதல் ஸ்டார்ட்டில்தான் உண்மையைச் சொல்லும். எத்தனை முறை சுற்றிப் பிடிக்கிறது, நீலப் புகை வருகிறதா, டர்போ கத்துகிறதா, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தெரியும். யாரோ முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தேன். அந்த வழியாகப் புகை தள்ளுகிற பேக் கம்ப்ரஷன் பெரிதாக இல்லை, அந்த வகையில் பரவாயில்லை.

உள்ளே புது சீட் கவர், புது மேட், மூக்கைத் துளைக்கும் மல்லிகை சென்ட். முன் சீட் பெல்ட்டை இழுத்தேன். வழக்கமாகப் போடுகிற அளவு வரை கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. நிறுத்தாமல் கடைசிவரை இழுத்தால், அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறம், அதற்கு மேல் கோடு போட்டது போல ஒரு கறை. சீட்டைப் பின்னால் தள்ளி ரெயிலில் விரலை விட்டேன். நகக்கண்ணில் பவுடர் மாதிரி வண்டல் வந்தது. ஸ்டெப்னி குழியில் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் போல்ட் தலையெல்லாம் துரு. 2015 டிசம்பர் வெள்ளமோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலோ, எதில் நின்றது என்று சொல்ல முடியாது. ஆனால் சீட் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி. இப்போது எல்லாம் ஓடும். ஒயரிங் சாக்கெட்டுக்குள் பச்சை பூத்து, ஒரு மழை நாளில் ஏர்பேக் விளக்கில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வரும். அது எனக்கு வேலை, உங்களுக்குச் செலவு.

சார் ஒன்றும் பேசவில்லை. அந்த வண்டலை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு வருகிற எண்ணில் கடைசி நாலு இலக்கம், தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 40,000 கி.மீ. ஓடியது என்கிறார்கள், கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். டஸ்டரின் 1.5 டீசல் மாதிரி டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள், அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

டெல்லி வண்டி மலிவு என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்தபோது நல்ல வண்டிகளும் தெற்கே வந்தன என்பது நிஜம். ஆனால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, நம் ஆர்.டி.ஓ.வில் மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு சாலை வரியும் கட்ட வேண்டும். விலை பேசும்போது புரோக்கர் இதை வாயே திறக்க மாட்டார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி செய்த) டீசல் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. அதன் சைலன்ஸர் வழியில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிந்து போக வண்டி ஹைவேயில் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஏழு கிலோமீட்டர் போய்வருகிற டீச்சருக்கு அது சரிப்படாது. வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரிந்தபடி வரும் வண்டிகள் மாதம் குறைந்தது ரெண்டு வருகின்றன.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிபாகத்தில் துரு தின்றுவிட்டதென்றால் நானே மாற்றச் சொல்வேன். தோட்டத்துக்கு மண்பாதையில் தினம் போகிறவருக்கு உயரமான வண்டி தேவைதான். உயரத்தைவிட நான் மதிக்கும் காரணம் ஏர்பேக். 2019 ஜூலையிலிருந்து புது கார்களில் டிரைவருக்கு அது கட்டாயம், பக்கத்து சீட்டுக்கும் 2022-க்குள் கட்டாயமாகிவிட்டது. டீச்சரின் வண்டி அது இல்லாத வேரியன்ட், அதை அவர்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக மாற்றுவதென்றால் தேடவேண்டியது ஏர்பேக் உள்ள சின்ன பெட்ரோல் வண்டி. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. ஆறரை லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து வருடப் பழைய எஸ்.யு.வி. பார்ப்பவர்கள் ஒருமுறை புது வண்டி விலையும் விசாரித்துவிட்டு வரலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள், ஆர்.சி.யில் பெயர் மாறியதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காக இன்ஷூரன்ஸில் சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி உங்களுடையது, வண்டியுடையது அல்ல. அதிகபட்சம் 50 சதவீதம் வரை இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

டிசையர் நாலு நாள் என் ஷெட்டில் நின்றது. ஷாக் அப்சார்பர் மாற்றிய அன்றைக்கே அந்த ஸ்பீடு பிரேக்கரில் மூன்று பேரோடு ஏற்றி இறக்கிக் காட்டினேன், தட்டவில்லை. டீச்சர் சீட்டில் ரெண்டு அங்குல ஃபோம் வைத்து உயர்த்திக் கொடுத்தோம், அதற்குத் தனியாக 1,800 ரூபாய். அடுத்த வருடம் பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. "அப்ப மறுபடியும் வந்து கேப்பேங்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் சார் சாவியை வாங்கினார்.