நேற்று ஓடிய டேட்டா வேர்ஹவுஸ் இன்று ஏன் தொடங்க மறுக்கிறது?

தரவைத் திரட்டி வைத்து அலசும் டேட்டா வேர்ஹவுஸில் ஓட்டும் வினவல் அதேதான், தரவும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனாலும் வேர்ஹவுஸ் எழவில்லை. கோட்டா, அதாவது கிளவுடில் நமக்கு அனுமதித்த கணினித்திறனின் வரம்பு, தீர்ந்துவிட்டதாகப் பிழைச்செய்தி வருகிறது. உடனே வினவலை எழுதிய எஸ்க்யூஎல்லைத் திருத்த உட்காருபவர்கள் உண்டு. கோளாறு அங்கே இல்லை.

தரவு அலசல் தளமான டேட்டாபிரிக்ஸில் வேர்ஹவுஸ் என்று திரையில் தெரிவது, அடியில் சில மெய்நிகர் கணினிகள் சேர்ந்த ஒரு கிளஸ்டர். சர்வர்லெஸ் (கணினிகளைச் சேவை தருபவரே பார்த்துக்கொள்ளும் முறை) அல்லாத வகைகளில் அந்தக் கணினிகள் நம்முடைய கிளவுட் கணக்கிலேயே எழுப்பப்படுகின்றன. மைக்ரோசாப்ட் அசூரில் ஸ்மால் அளவு வேர்ஹவுஸை எடுத்துக்கொள்வோம். வேலையைப் பங்கிடும் டிரைவர் கணினிக்கு 16 விசிபியு (மெய்நிகர் செயலி), அதைச் செய்துமுடிக்கும் நான்கு ஒர்க்கர் கணினிகளுக்குத் தலா 8. ஆக மொத்தம் 48.

இதை அசூர் இரண்டு முறை சரிபார்க்கும். அந்த ரீஜியனில் (தரவு மையங்கள் உள்ள பகுதி) நமக்குள்ள மொத்த விசிபியு வரம்பு ஒன்று, அந்தக் கணினிக் குடும்பத்துக்கு (ஒரே வகைக் கணினிகளுக்கு) மட்டுமான வரம்பு இன்னொன்று. எதில் இடித்தாலும் அனுமதி கிடையாது. மொத்தக் கணக்கில் ஏராளமாக இடம் இருந்தும் வேர்ஹவுஸ் நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாவது வரம்பால்தான்.

சரி, 48 விசிபியு வாங்கிவிட்டால் போதுமா? போதாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். டேட்டாபிரிக்ஸ் ஓடும் கிளஸ்டரை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றி அமைக்கிறது. மாற்றும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து இடம் கேட்கலாம். அப்போது தேவை 96. தேவைக்கேற்பக் கிளஸ்டர்களைக் கூட்டும் ஆட்டோஸ்கேலில் உச்சமாக மூன்று கிளஸ்டர் என்று வைத்திருந்தால், மாற்றத்தைச் சேர்க்காமலே 144. இதற்கு மேல், அதே சப்ஸ்கிரிப்ஷனில் (அசூர் கணக்கின் ஒரு பிரிவு) வேறு குழு சோதனைக்காக எழுப்பும் கணினிகளும் இதே வரம்பிலிருந்துதான் எடுக்கும். அதனால் கோட்டாவை எப்போதும் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குத்தான் கணக்கிட வேண்டும். அன்றாடம் ஓடும் நிஜப் பணிக்குத் தனி சப்ஸ்கிரிப்ஷன் வைப்பதை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

இப்படி வரம்பு வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. களவுபோன ஒரு அணுகல் சாவியை வைத்து யாரோ நம் கணக்கில் கிரிப்டோ நாணயம் தோண்ட ஆரம்பித்தால், சேதத்தை ஓரளவில் நிறுத்துவது இந்தச் சுவர்தான்.

ஆனால் கோட்டா என்பது அனுமதி மட்டுமே, முன்பதிவு அல்ல. அமேசான் கிளவுடில் இந்த வித்தியாசம் பிழைச்செய்தியிலேயே தெரியும். 'விசிபியு லிமிட் எக்ஸீடட்' என்றால் நம் வரம்பு முடிந்தது. உயர்த்தித் தரக் கேட்கலாம். 'இன்சஃபிஷியன்ட் இன்ஸ்டன்ஸ் கெபாசிட்டி' என்றால் ரீஜியனுக்குள் நாம் கேட்ட அந்த ஜோனில் அப்போது கணினியே காலியாக இல்லை. வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் அது தீராது. வேறு ஜோன், வேறு கணினி வகை, அல்லது முன்கூட்டியே கெபாசிட்டியை ஒதுக்கிக்கொள்வது, இவைதான் வழி.

சர்வர்லெஸுக்கு மாறினால் கணினிகள் சேவை தருபவரின் கணக்கில் ஓடும். நம் விசிபியு கோட்டா கணக்கில் வராது. அப்புறம் வரம்பு வேறு உருவில் வரும். கூகுளின் சர்வர்லெஸ் வேர்ஹவுஸான பிக்குவரியில் பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் செலுத்தும் முறையில் ஒரு புராஜெக்டுக்கு வழக்கமாக 2,000 ஸ்லாட் (வினவலை ஓட்டும் கணினித்திறனின் அலகு) வரை கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேலைகள் வரிசையில் காத்திருக்கும். பிழைச்செய்தி வராது, டாஷ்போர்டு மெதுவாகும், அவ்வளவுதான். அங்கே கவனிக்க வேண்டியது வினவல்கள் ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை.